கண்ணில் குறையில்லை, மூளைதான் பார்க்கப் பழகவில்லை என்றால் என்ன அர்த்தம்?

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மூன்றாம் வகுப்பு படிக்கும் 8 வயது மகளுக்கு இடது கண்ணில் பார்வை குறைவு என்று பள்ளிக் கண் பரிசோதனையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வலது கண் 6/6 (சரியான பார்வை), இடது கண் 6/36 (மற்றவர் 36 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில்தான் படிக்க முடியும்). டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, மூளைதான் அந்தக் கண்ணால் பார்க்கப் பழகவில்லை" என்றிருக்கிறார். வலதுக்கு +1.00, இடதுக்கு +4.50 என்று கண்ணாடி எழுதி, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடவும் சொல்லியிருக்கிறார். கண்ணாடி போட்டும் இடது கண் தெளியவில்லை. தரை மேடாகத் தெரிகிறது என்று பிள்ளை அழுகிறாளாம். "கண் நல்லா இருந்தா ஏன் தெரியல? நல்ல கண்ணை மூடுறது எப்படி வைத்தியம் ஆகும்? 70 வயசுலயும் தூரத்துல வர்ற வள்ளம் யாருதுன்னு சொல்ற என் மாமனாரோட பேத்திக்கு இப்படி வருமா? இனிமே சரியாகுமா?"

இதைத்தான் 'சோம்பேறிக் கண்' (amblyopia) என்பார்கள். கேள்வி நாலாக இருந்தாலும் அடியில் இருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: பார்வை என்பது கண்ணோடு கூடவே வந்துவிடுவதா, பழகி வருவதா? பழகி வருவது என்று புரிந்துவிட்டால் பேட்ச், அதாவது நல்ல கண்ணின் மேல் ஒட்டும் அந்த மூடி எதற்கு என்பதும், எட்டு வயதில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதும் கூடவே புரியும். நான் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலுமாக 24 வருஷமாகக் கண் பரிசோதனை செய்கிறவன். அதில் பாதி குழந்தைகள்தான். அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் அல்ல, மூளை ஆராய்ச்சியாளனும் அல்ல. உங்கள் மகளை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் எத்தனை மணி நேரம் மூடுவது என்பதை உங்கள் டாக்டரிடமே விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். பூப்போட்ட மேஜை விரிப்பின் மேல் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒரு சாண் இல்லை, அதில் பாதி அளவு, 10 அல்லது 11 சென்டிமீட்டர் தள்ளிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் இடப்பக்க நாணயத்தை மட்டும் பாருங்கள். முகத்தை மேஜையிலிருந்து 40 சென்டிமீட்டர் அளவில் வைத்து, மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் வலப்பக்க நாணயம் மறைந்துவிடும். அந்த இடத்தில் கறுப்பாக ஓட்டை தெரியுமா என்றால் தெரியாது. விரிப்பின் பூதான் தெரியும். கண்ணிலிருந்து நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. அங்கே விழும் படம் மூளைக்குப் போவதில்லை. பக்கத்தில் இருப்பதை வைத்து மூளையாக ஒட்டுப்போட்டுக் காட்டுகிறது. என் மனைவி இதைச் செய்து பார்த்துவிட்டு, "அப்போ இத்தனை நாளா நான் பாத்ததுல பாதி ஊகமா?" என்றாள். பாதி என்று கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் ஊகம் உண்டு என்பதில் சந்தேகமில்லை.

கண் பிடித்துக் கொடுப்பது வெறும் வெளிச்சமும் நிழலும்தான். அதில் எது விளிம்பு, எது முன்னால் இருக்கிறது, எது பின்னால், எது அம்மாவின் முகம் என்று பிரித்தெடுப்பது தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே இருக்கும் மூளைப் பகுதியில் தொடங்கி நடக்கிற வேலை. அந்த வேலைக்கான அடிப்படை அமைப்பு பிறக்கும்போதே இருக்கிறது. அது கூர்மைப்படுவது பார்த்துப் பார்த்துத்தான்.

உங்கள் மாமனாரிடமிருந்தே எடுத்துக்கொள்வோம். முட்டம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வைத்திருக்கும் அட்டையை, அதாவது மூன்று பல் உள்ள சீப்பு மாதிரிக் குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைகாட்டும் அட்டையைக் காட்டினேன். 6/18 வரிக்குக் கீழே அவரால் போக முடியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை தொடங்கியிருந்தது. அவரைக் கூட்டிவந்த பேரனோ, "தாத்தா கரையில நின்னே வள்ளத்துக்குப் பேர் சொல்லுவாரு" என்றான். கேட்டேன். அலையில் அணியம் (வள்ளத்தின் முன்பக்கம்) தூக்குகிற விதம், பின்னால் நிற்கிறவன் உடம்பை வைத்திருக்கிற சாய்வு, அந்த நேரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து யார் வருவார்கள் என்ற கணக்கு என்று சொல்லிக்கொண்டே போனார். அவருக்குப் பக்கத்தில் 6/6 கண்ணோடு நின்றாலும் எனக்குத் தெரிவது ஒரு கறுப்புப் புள்ளி. அவருக்குக் கிடைக்கும் படம் என்னுடையதைவிட மங்கல், ஆனால் அதில் அவர் பார்ப்பது அதிகம். உங்கள் மாமனாரும் அப்படிப்பட்டவராக இருக்கலாம். ஒரு தடவை அவரையும் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள், ஆச்சரியம் காத்திருக்கும்.

கண்ணுக்கு மட்டும் நடப்பது இல்லை இது. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். பட்டையில் பால் ஓடும் குழாய்கள் உள்பக்கமாகத்தான் நெருக்கமாக இருக்கும். அதற்கும் உள்ளே மரம் வளரக் காரணமான மெல்லிய படலம். கத்தி அதில் பட்டால் அந்த இடம் புண்ணாகி முண்டும் முடிச்சுமாகும், படலத்துக்குத் தொலைவிலேயே நின்றுவிட்டால் பால் குறையும். நடுவில் விடவேண்டியது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அரையிருட்டில் அதைக் கண்ணால் அளக்க முடியாது. "கத்தி சொல்லும்" என்பார்கள். புதிதாக வந்தவன் கைக்கும் அதே அழுத்தம்தான் வருகிறது, அவனுக்கு ஒன்றும் சொல்வதில்லை. சில மாதம் போனால் சொல்லத் தொடங்கும். தோலும் நரம்பும் பழையபடியேதான் இருக்கின்றன. அதே செய்தியில் எதைக் கவனிப்பது, எதைத் தள்ளுவது என்று மூளை பழகிவிட்டது.

சரி, உங்கள் மகளின் இடது கண் ஏன் பழகவில்லை? காரணம் நீங்கள் அனுப்பிய சீட்டிலேயே இருக்கிறது. வலதுக்கு +1, இடதுக்கு +4.50. தூரத்தையும் பக்கத்தையும் தெளிவாக்க நம் கண்ணின் உள்ளே இருக்கும் லென்ஸ் முறுக்கிக்கொள்ளும். இரண்டு கண்ணும் ஒரே அளவுக்குத்தான் முறுக்கும், தனித்தனியாக முடியாது. வலது கண் தெளிந்ததும் மூளை அங்கேயே நிறுத்திவிடும். அந்த அளவு இடது கண்ணுக்குப் போதாது. ஆக, பிறந்ததிலிருந்து அந்தக் கண் மூளைக்கு அனுப்பியது எப்போதும் கலங்கிய படம். மாறுகண் இல்லாததால் வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு கண்ணால் நன்றாகத் தெரியும்போது பிள்ளைக்கும் குறை தெரியாது. நீங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டதாக மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம்.

கலங்கிய படம் மட்டும் வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. பக்கத்தில் ஒரு தெளிவான படமும் வந்துகொண்டிருந்ததுதான் வினை. 1960களில் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளில் இதைப் பார்த்தார்கள். கண் திறக்கும் பருவத்தில் ஒரு கண்ணின் இமையை மட்டும் தைத்து மூடி, சில மாதம் கழித்துத் திறந்தால், அந்தக் கண்ணில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்களே அரிதாகிவிட்டன. மிச்ச இடத்தைத் திறந்திருந்த கண் எடுத்துக்கொண்டது. வளர்ந்த பூனைக்கு அதே மாதிரி மூடியபோது இந்த விளைவு வரவில்லை. இன்னொன்று, குட்டியின் இரண்டு கண்ணையும் சேர்த்து மூடினால் சேதம், ஒரு கண்ணை மூடினால் வருவதைப் போல இரண்டு மடங்கு இல்லை. எதிர்பார்த்ததைவிடக் குறைவு. இது போட்டி என்பதற்கு அதுவே சாட்சி. நம்மூர் வரப்புக் கதைதான். அண்ணன் தம்பி இருவரில் ஒருவன் வெளியூரில் இருந்தால், ஊரில் இருப்பவன் ஒவ்வொரு பூவுக்கும், அதாவது ஒவ்வொரு சாகுபடிக்கும், வரப்பை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டே வருவான். இருவருமே வெளியூரில் என்றால் வரப்பு கிடந்த இடத்தில் கிடக்கும். இந்த வேலைக்கு 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நல்ல கண்ணை மூடுவது எப்படி வைத்தியமாகும் என்றால், ஊரில் இருப்பவனைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிட்டு மற்றவனை வயலில் இறங்கி உழச் சொல்வதுதான்.

ஏன் கண்ணாடி போட்டதும் தெளியவில்லை என்பதற்கும் பதில் இதுவே. கண்ணாடி கண்ணுக்குள் விழும் படத்தைத்தான் சரிசெய்யும், அதைப் படிக்கத் தெரிந்த ஆள் உள்ளே இன்னும் தயாராகவில்லை. இதன் பெரிய வடிவத்தை வட இந்தியாவில் பார்த்திருக்கிறார்கள். 1688-ல் வில்லியம் மோலினோ என்ற ஐரிஷ்காரர், தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதினார். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தடவிப் பார்த்தே பிரித்தறியப் பழகியவர். திடீரென்று பார்வை வந்தால், தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வாரா? முந்நூறு வருஷத்துக்கு மேல் வாதமாகவே ஓடியது. பிறவிக் கண்புரையோடு சிகிச்சை கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சைக்கு உதவி, கூடவே அவர்கள் பார்க்கப் பழகுவதை ஆராயும் 'பிரகாஷ்' என்ற திட்டத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருக்கும் பவன் சின்ஹா தொடங்கினார். அந்தக் குழு 2011-ல் வெளியிட்ட முடிவு: 8 முதல் 17 வயதுக்குள் இருந்த ஐந்து பிள்ளைகள், கட்டு அவிழ்த்த உடனே, தொட்டுப் பார்த்த பொருளைக் கண்ணால் அடையாளம் காண முடியாமல் திணறினார்கள். குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல். ஆனால் சில நாள் கழித்துச் சோதித்தபோதே நன்றாகத் தேறிவிட்டார்கள். யாரும் உட்கார்த்திப் பாடம் நடத்தவில்லை. கையும் கண்ணும் ஒரே பொருளில் சேர்ந்து புழங்கியது போதுமாக இருந்தது. ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். அவர்களுடைய பார்வைக்கூர்மை நம் அளவுக்கு வந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழக ஒரு பருவம் உண்டு என்பதைக் காதில் இன்னும் எளிதாகப் பார்க்கலாம். 'பத்து', 'பட்டு' என்று சொல்லிப் பாருங்கள். நமக்கு இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர் காதுக்கு அந்த 'த'வும் 'ட'வும் கிட்டத்தட்ட ஒன்று. கனடாவில் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகள் 6–8 மாதத்தில் இந்தியின் த-ட வித்தியாசத்தைக் கண்டுகொண்டார்கள். 10–12 மாதத்தில் பெரும்பாலோர் அதை இழந்துவிட்டார்கள். வீட்டில் யாரும் பயன்படுத்தாத வித்தியாசத்தை மூளை கழித்துக் கட்டிவிடுகிறது. நாமும் இதில் தப்பவில்லை. களியக்காவிளைப் பக்கம் மலையாளமும் தமிழும் சேர்ந்து கேட்டு வளர்ந்த பிள்ளை, மூச்சு சேர்ந்த 'ப'வையும் சேராத 'ப'வையும் அலட்டிக்கொள்ளாமல் பிரிக்கும். தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த நான் திருவனந்தபுரத்தில் படிக்கப் போனபோது, அறைத் தோழன் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டி அலுத்தே போனான். இரண்டு மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. பிடிபட்டது என்பதையும் கவனியுங்கள். கதவு பாதி சாத்தியிருந்தது, பூட்டவில்லை.

இனி உங்கள் முக்கியமான பயம். எட்டு வயது தாமதமா? மூன்று வயதில் கண்டுபிடித்திருந்தால் வேலை சுலபம், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் தாமதம் என்பது வேறு, முடிந்துபோனது என்பது வேறு. இதில் நானே ஒரு தப்புச் செய்தவன். தொழிலுக்கு வந்த புதிதில், பத்து வயதுப் பையன் ஒருவனின் அப்பாவிடம் "இனிமேல் பயனில்லை, நல்ல கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். அந்தப் பையன் முகம் இன்னும் மனதில் இருக்கிறது. பின்னால் 2005-ல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரை 507 பேரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. 7–12 வயதில் கண்ணாடியோடு பேட்சும், நல்ல கண்ணை மங்கலாக்கும் சொட்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 53 சதவீதம் பேருக்கு அட்டையில் இரண்டு வரியாவது முன்னேற்றம் வந்தது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம். இரண்டு வரி முன்னேறுவது 6/6 ஆவது அல்ல. அந்த வயதில் பெரும்பாலோருக்குக் குறை கொஞ்சம் மிஞ்சத்தான் செய்தது. எனவே "முழுசாகச் சரியாகிவிடும்" என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள், "பயனே இல்லை" என்றாலும் நம்பாதீர்கள். உங்கள் மகளுக்கு எவ்வளவு வரும் என்பது மூடிப் பழகும் முதல் மூன்று நாலு மாதத்தில் ஓரளவு தெரிந்துவிடும்.

தரை மேடாகத் தெரிவது பயப்பட வேண்டியதில்லை. இடப்பக்கக் கண்ணாடி பவர் கூடியது, அது படத்தைப் பெரிதாக்கும். இத்தனை வருஷம் ஒரு கணக்கில் தரையை அளந்த மூளைக்குக் கணக்கு திடீரென்று மாறிப்போயிற்று. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். அதுவரை படியிறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கழற்றிக் கழற்றிப் போட்டால்தான் பழக நாளாகும். 1890களில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்கர் உலகத்தையே தலைகீழாகக் காட்டும் லென்ஸை எட்டு நாள் மாட்டிக்கொண்டு திரிந்தார். முதலில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகவே திண்டாட்டம், கடைசியில் தடுமாறாமல் நடமாடினார். கை கால் பழகிக்கொண்டது உறுதி. உலகம் அவருக்கு உண்மையிலேயே நிமிர்ந்து தெரிந்ததா என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. பின்னால் அதே சோதனையைச் செய்தவர்களில் சிலர் நிமிரவே இல்லை என்கிறார்கள்.

பேட்ச் போட்டுக்கொண்டு டிவி பார்க்கலாமா என்று எல்லா அம்மாக்களும் கேட்பார்கள், நீங்களும் அடுத்துக் கேட்பீர்கள். 1963-ல் ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹைனும் ஒரு ராட்டினத்தில் ஒரு பூனைக்குட்டியை நடக்கவிட்டு, இன்னொன்றைத் தொட்டிலில் வைத்து, முதல் குட்டி நடக்கிற நடைக்கே சுற்றவைத்தார்கள். இரண்டும் பார்த்தது ஒன்றுதான். நடந்த குட்டிக்கு மட்டும் பள்ளம் மேடு தெரிந்தது. இதை வைத்து, மூடிய நேரத்தில் பிள்ளை கையும் கண்ணும் சேர்த்து வேலை செய்ய வேண்டும் என்று நான் வருஷக்கணக்கில் பெற்றோரை விரட்டினேன். ஆனால் 2008-ல் சிறு பிள்ளைகளிடம் இதையே நேரடியாகச் சோதித்தபோது, பக்கத்தில் வைத்துச் செய்யும் வேலைகளுக்கும் தூரத்தில் பார்ப்பதற்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இப்போது விரட்டுவதில்லை. பூ கட்டுவது, அரிசியில் கல் பொறுக்குவது, படம் வரைவது எல்லாம் நல்லதே. முடியாத நாளில் டிவி பார்த்தாலும் பரவாயில்லை. மூடுவதைத்தான் விடக்கூடாது.

மூடும்போது கவனிக்க வேண்டியவை சில. கண்ணாடி மேல் துணியைத் தொங்கவிட்டால் பிள்ளைகள் மூக்குப் பக்கச் சந்து வழியாக எட்டிப் பார்ப்பார்கள், எட்டு வயதுக்காரி நிச்சயம் பார்ப்பாள். தோலில் ஒட்டும் பேட்சே நல்லது, அதற்கு மேல் கண்ணாடி. நம்மூர் வேர்வைக்கு ஓரம் அரிக்கும். பிய்க்குமுன் ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவிட்டால் அழாமல் வரும். அந்த நேரத்தில் சைக்கிளும் ரோடும் வேண்டாம். டாக்டர் சொன்ன நேரத்துக்குமேல் ஆர்வத்தில் கூட்டவும் வேண்டாம். அளவு மீறினால் நல்ல கண் மங்கத் தொடங்கலாம், அதற்காகத்தான் ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது. நன்றாகிவிட்டது என்று நிறுத்தியபின் ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளைக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது, ஆகவே பேட்ச் நின்றாலும் பரிசோதனை நிற்கக்கூடாது. பள்ளியில் கேலி செய்வார்கள் என்றால் வீட்டில் சாயங்காலம் ஒட்டுங்கள், எந்த நேரம் என்பது முக்கியமில்லை.

அவளுக்கு மூன்று வயதில் ஒரு தம்பி இருக்கிறான் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதிரிப் பவர் வித்தியாசம் குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வருவதுண்டு. எழுத்துத் தெரியாத வயதிலும் சொட்டு மருந்து விட்டு, டார்ச் மாதிரிக் கருவியால் வெளிச்சம் காட்டிப் பவரைக் கண்டுபிடித்துவிடலாம். அடுத்த தடவை மகளைக் கூட்டிப் போகும்போது அவனையும் தூக்கிக்கொண்டு போங்கள்.